ஒழுகாத வீட்டில் ஒரு கறை

வீடு பார்த்துச் சொல்லும் தகுதி எனக்கு எள்ளளவும் கிடையாது. வாடகை வீட்டில் பிறந்து, வாடகை வீட்டில் வளர்ந்து, இப்போது வாடகைக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்கு அடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறேன். அங்கே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். அதனால் எப்போதும் குனிந்தே இருப்பேன். வருகிறவர்கள் என்னை ரொம்பப் பணிவானவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தொழில் அனுபவம் என்று பார்த்தால் சந்தேகப்படும் கணவர்கள், சந்தேகப்படும் மனைவிகள், காணாமல் போன பூனைகள். பூனைகளில் பாதி நான் தேடக் கிளம்புவதற்குள் தானாகவே வீடு திரும்பிவிடும். கணவர்களிலும் அப்படித்தான்.

அன்று மதியம் வந்த பெண்மணி நகரப் பேருந்து ஓட்டுபவர். சீருடையோடு வந்து, அடுத்த டிரிப்புக்கு நேரமாகிறது என்று உட்காராமல் நின்றார். நின்றதும் தலையை இடித்துக்கொண்டார்.

"சார், போர்டுல 'சகலவித விசாரணைகளும்'னு போட்டிருக்கீங்க. ஒரு வீட்ட விசாரிக்கணும்."

"வீட்டுல யார் மேல சந்தேகம்?"

"யார் மேலயும் இல்ல சார். வீட்டு மேலதான்."

விஷயம் இதுதான். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை செய்யும்போது விழுந்ததில் இரண்டு கால்களும் போய்விட்டன. அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டிய மனிதர் ஒரு வருஷமாகக் கீழே இறங்கவில்லை.

புறநகரில், மரங்கள் நிறைந்த பழைய குடியிருப்பு ஒன்றில் ஒரு பங்களா விலைக்கு வந்திருக்கிறது. தரையோடு தரையாக ஒரே தளம். முதல் தடவை போய்ப் பார்த்தபோது அந்த அம்மாவுக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பிடித்துவிட்டது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது தடவை போனால், பின்னறைச் சுவரில் பெரிய ஈரக்கறை, விரிசல், பெயர்ந்து தொங்கும் பூச்சு.

"எஞ்சினியர் அடுத்த வாரம்தான் வருவாராம். தரகரோ இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லுங்கறாரு. இன்னொரு பார்ட்டி காத்திருக்காம்" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், அவரக் கீழ இறக்க நாலு பேரு வேணும். டிப்போவுல நாலு பேரு ரெடியா இருக்காங்க. ஆனா வீட்டக் காட்டிட்டு, 'இது சரிவராது'ன்னு மறுபடி மேல தூக்கிட்டுப் போனா அவரு உடைஞ்சு போயிடுவாரு. நீங்க சரின்னு சொன்னா கூட்டிட்டு வர்றேன். இல்லன்னா இப்படி ஒரு வீடு இருந்துச்சுன்னே அவர்கிட்ட சொல்லமாட்டேன்."

எனக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பூனை கிடைக்காவிட்டால் இன்னொரு பூனை வளர்க்கலாம். இது அப்படியில்லை. "அம்மா, இது என் துறை இல்லை" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"எடுத்துக்கறோம்மா. நீங்க தைரியமா வண்டிய எடுங்க" என்றது எனக்குப் பின்னால் ஒரு குரல்.

அது என் உதவியாளர். என் மாமியார்.

இதை விளக்கியாக வேண்டும். மாமியார் முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் பேச்சைக் கேட்க வழியில்லாமல் தவித்துப் போனார். என் பழைய உதவியாளன் உருப்படியான வேலை கிடைத்துப் போனதும், "அம்மாவைச் சேத்துக்கோங்க, உங்களுக்கும் துணையா இருக்கும்" என்றாள் என் மனைவி. துப்பறிகிறவனைத் துப்பறிய ஆள் போட்ட முதல் மனைவி அவளாகத்தான் இருக்கும். மாமியார் ஒருநாளும் மரியாதை குறையப் பேசியதில்லை. 'மாப்ள', 'நீங்க', 'வாங்க' எல்லாம் உண்டு. அந்த மரியாதையோடுதான் குத்துவார்.

*

பழைய குடியிருப்பு. வீடுகளை விட மரங்களுக்கு வயது அதிகம். வேலிச்செடிகள் கத்தரிக்கப்பட்டு நின்றன. தெருநாய்கூட எங்களைப் பார்த்து எழுந்து குரைக்கவில்லை. படுத்தபடியே ஒரு தடவை குரைத்துக் கடமையை முடித்துக்கொண்டது. நடுநடுவே பங்களாக்கள் போய், அந்த இடத்தில் அடுக்குமாடிகள் முளைத்திருந்தன.

வாசலில் தரகர் நின்றார். கையில் இரண்டு போன், முகத்தில் ஒரே சிரிப்பு. "வாங்க சார், வாங்க மேடம். டிரைவர் அம்மா போன் பண்ணாங்க. வீட்ட நல்லாப் பாருங்க."

கூடத்தில் பிரம்பு நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். மெலிந்த பெரியவர். முழங்கையில் பிளாஸ்திரி. சுவர் முழுக்க நாடக மேடைப் புகைப்படங்கள்: அரண்மனை, காடு, சிறைச்சாலை, கப்பல் தளம். நடுவில் யார் யாரோ வாளும் மீசையுமாக நின்றார்கள்.

என் மூளை உடனே வேலை செய்தது. அதுதான் என் பலவீனம். "நீங்க பெரிய நடிகரா இருந்திருக்கீங்க" என்றேன்.

பெரியவர் லேசாகச் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆமாம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

சோதனையைத் தொடங்கினேன். வீட்டைச் சோதிப்பது பற்றி எனக்குத் தெரிந்தது சினிமாவில் பார்த்ததுதான். அதனால் சுவர்களைத் தட்டினேன். அலமாரியைத் தட்டினேன்.

"உள்ள யாராவது இருந்தா திறப்பாங்க மாப்ள. இன்னொரு தடவ தட்டுங்க" என்றார் மாமியார்.

தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கோலிக்குண்டை உருட்டினேன். அது விறுவிறுவென்று ஓடி சோபாவுக்கு அடியில் போய்விட்டது. "தரை சரிஞ்சிருக்கு!" என்று அறிவித்துவிட்டு, குண்டை எடுக்க வயிற்றால் ஊர்ந்தேன்.

"நீங்க நின்னது கம்பளத்து மடிப்பு மேல" என்று மேலிருந்து குரல் வந்தது. "தரை நல்லாத்தான் இருக்கு. எழுந்திருங்க, வீட்டுக்காரர் பாக்கறாரு."

வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நான் நினைத்தது போலக் கேலியாக இல்லை. கதவுகளைப் பற்றிக் கேட்டால் எந்த மரம் என்று சொன்னார். குழாய் முதலில் கொஞ்சம் கலங்கலாக வரும், பிறகு தெளிந்துவிடும் என்று அவரே திறந்து காட்டினார். கொல்லைப் பக்கம் இருந்த செடிகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். விற்கிறவன் பேச்சு மாதிரி இல்லை; பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

பின்னறையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் பேச்சு நின்றது.

"அங்க வாசல்லயே நின்னு பாத்துக்கோங்க தம்பி. உள்ள போகாதீங்க. பூச்சு தலையில விழுந்துரும்."

அறை வாசலில் ஒரு மேஜை குறுக்கே போட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், எதிர்ச்சுவரில், அந்தக் கறை. கூரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பழுப்பு நிறத்தில் வழிந்திருந்தது. அதன் நடுவே கறுப்பாக ஒரு விரிசல். விரிசலின் ஓரத்தில் இப்போதோ அப்போதோ விழுந்துவிடுவது போல ஒரு துண்டுப் பூச்சு நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது?

"பாத்தாச்சுல்ல? வாங்க சார், கார் நிறுத்தற இடத்தக் காட்டறேன்" என்று தரகர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. கணவன் எந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறானோ, அந்தத் தெருவில்தான் விஷயம் இருக்கிறது. நான் கையை உதறிவிட்டு மேஜையைத் தாண்டிக் குதித்தேன். குதித்தேன் என்பது என் கருத்து. மேஜை மேல் ஏறி, உட்கார்ந்து, மறுபக்கம் வழுக்கினேன் என்பது மாமியாரின் கருத்து. அவர் மேஜையை ஒதுக்கிவிட்டு நடந்து வந்தார்.

வந்ததும் காற்றை மோந்து பார்த்தார். "மாப்ள, ஈரம்னா ஒரு வாடை இருக்கும். எங்க பழைய எக்ஸ்சேஞ்ச்ல சுவர் ஓதம் காத்துச்சுன்னா மத்தியான சாப்பாடு இறங்காது. இங்க ஒன்னுமே இல்லையே."

நான் டார்ச்சை எடுத்தேன். கையை உயரத் தூக்கி, மேலிருந்து கீழாக வெளிச்சம் அடித்தேன். நீட்டிக்கொண்டிருக்கும் பூச்சின் நிழல் கீழே விழ வேண்டும். விழவில்லை. நிழல் பூச்சுக்கு மேலே இருந்தது. டார்ச்சை வலப்பக்கம் கொண்டு போனேன், நிழல் அசையவில்லை. இடப்பக்கம் கொண்டு வந்தேன், அப்போதும் அப்படியே.

விரலால் தொட்டேன். சுவர் வழவழப்பாக, சமமாக இருந்தது. நீட்டிக்கொண்டிருக்கும் பூச்சு என்று எதுவுமே இல்லை.

அது வரைந்தது.

என் வாழ்நாளில் நான் காத்திருந்த தருணம் அது. எல்லோரையும் அறைக்குள் வரச் சொன்னேன். மொத்தமே மூன்று பேர்தான், அதில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார். இருந்தாலும் வரச் சொன்னேன். சுவரில் ஒய்யாரமாகச் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டேன்.

"இந்தக் கறை ஒரு மோசடி! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தா நடக்குமா? குடியிருக்க வர்றவங்கள பயமுறுத்தி விரட்டணும். வீட்டு விலைய இறக்கணும். அப்புறம் அந்த இன்னொரு பார்ட்டிக்கு அடிமாட்டு விலைக்கு முடிக்கணும். இதுல யாருக்கு லாபம்?" விரலை நீட்டினேன். "தரகரே, உங்களுக்குத்தான்!"

தரகர் கோபப்படவில்லை. அதுதான் என்னை முதலில் கலங்க வைத்தது. அழுகிற மாதிரி பார்த்தார்.

"சார், விலை இறங்குனா என் கமிஷனும் சேந்துதானே இறங்கும்? இந்தக் கறையால எத்தன பார்ட்டி ஓடிருச்சு தெரியுமா? அதனாலதான் யாரையும் இங்க நிக்க விடாம இழுத்துட்டு ஓடறேன். நானே வெள்ளையடிச்சுத் தர்றேன்னு கால்ல விழாத குறையா கேட்டேன். ஐயாதான் கூடாதுன்னுட்டாரு."

என் நீட்டிய விரலை எப்படி மடக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. டார்ச்சைப் பிடிப்பது போல ஒரு மாதிரி சமாளித்தேன்.

"மாப்ள" என்றார் மாமியார், மிகுந்த மரியாதையோடு. "கொஞ்சம் திரும்புங்க."

திரும்பினேன். தரகர் வாயைப் பொத்திக்கொண்டார். என் வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கப் பழுப்பு. சாட்சியத்தின் மேல் சாய்ந்து நின்றுதான் இத்தனை நேரம் சாட்சியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? கையைப் பின்னால் கொடுத்துத் துடைக்கப் போய், சட்டைக் கையிலும் அப்பிக்கொண்டது.

"பொடிச் சாயம்" என்றார் மாமியார். "தொட்டா ஒட்டுது. வீட்டுச் சுவருக்கு யாரும் இத அடிக்கமாட்டாங்க. சரி, நிழல் மேல விழுந்திருக்குன்னு கண்டுபிடிச்சீங்களே, அது நல்ல வேலை. நிழல் மேல விழணும்னா வெளிச்சம் எங்கருந்து வரணும்?"

"கீழருந்து."

"எந்த வீட்டுலயாவது தரையில விளக்கு வச்சு சுவத்துக்கு அடிப்பாங்களா?"

"மாட்டாங்க."

"வேற எங்க அப்படி அடிப்பாங்க?"

நான் யோசித்தேன். கூடத்தில் பார்த்த படங்கள் கண் முன் வந்தன. அரண்மனை, காடு, சிறை. மேடையின் விளிம்பில் தரையோடு வரிசையாக விளக்குகள், எல்லாம் மேல் நோக்கி.

"நாடகத்துல" என்றேன். "ஆனா அவரு நடிகராச்சே?"

"அவரு நடிகர்னு நீங்கதான் சொன்னீங்க. அத்தன போட்டோவுலயும் எல்லாரும் இருக்காங்க, ஐயா மட்டும் ஒன்னுலகூட இல்ல. நடிகரா இருந்தா ஒரு மூலையிலாவது தலைய நீட்டியிருக்கமாட்டாரா? அந்தப் படங்க எல்லாத்துலயும் அவரு இருக்காரு மாப்ள. பின்னாடி நிக்கற அரண்மனைதான் அவரு."

எல்லோரும் பெரியவரைப் பார்த்தோம். அவர் மெதுவாக மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆயுசு முழுக்க மேடைக்குத் திரை வரைஞ்ச கை" என்றார். "நிழலை மேல போட்டே பழகிப்போச்சு. வீட்டுக்குள்ள வெளிச்சம் மேலருந்து வரும்ங்கறதே மறந்துட்டேன் பாருங்க. கிட்ட வந்து பாத்தா தெரிஞ்சிரும்னுதான் மேஜையப் போட்டேன். திரைய எப்பவுமே தள்ளி நின்னுதான் பாக்கணும்."

"ஏங்க ஐயா?" என்றேன்.

"என் பொண்ணு இத வித்துட்டு அவ வீட்டுக்கே வந்துடச் சொல்றா. கொல்லையில ரெண்டு தடவ விழுந்துட்டேன். அவ சொல்றதுல தப்பே இல்ல. மாட்டேன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. யாருமே வாங்கலன்னா, யார் மனசும் நோகாம இங்கயே இருந்துடலாமேன்னு..." முடிக்காமல் சுவரைப் பார்த்தார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மாமியாரிடம் 'வேண்டாம்' என்று ஒரு தடவைகூடச் சொல்லத் தெரியாதவன் நான். அவருடைய தந்திரம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் இடித்தது. இத்தனை பேர் ஓடினார்கள் என்றால், ஒருவர் மட்டும் ஏன் ஓடவில்லை?

"தரகரே, அந்த இன்னொரு பார்ட்டி இந்தக் கறையப் பாத்தாரா?"

"அவரா? அவரு வீட்டுக்குள்ளயே வரல சார். வெளியில நின்னு மனைய மட்டும் அளந்துட்டுப் போனாரு. பில்டர்."

பெரியவர் நிமிர்ந்தார். "பில்டரா? நீ பார்ட்டின்னுதானே சொன்னே?"

"பில்டரும் பார்ட்டிதானுங்களே ஐயா."

"இடிக்கப் போறவனுக்கு விரிசலப் பத்தி என்னங்க கவலை?" என்றேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "இங்க வாழணும்னு வந்தவங்கதான் இந்தச் சுவரப் பாத்து பயந்தாங்க. அத்தன பேரையும் நீங்களே விரட்டிட்டீங்க. மிச்சம் இருக்கறது கடப்பாரை மட்டும்தான்."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது பெரியவருக்கு அப்போதுதான் உறைத்தது. அறையில் கிடந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கொல்லைச் செடிகளைக் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பிறகு எழுந்து போய், ஒரு ஈரத்துணியோடு வந்தார். சுவரில் ஒரு இழுப்பு இழுத்தார். விரிசல் அழிந்தது. அடியில் வெள்ளைச் சுவர், கல் மாதிரி. மாமியார் அதை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

"யாரு அந்த டிரைவர் அம்மா? எதுக்கு வீடு கேக்கறாங்க?" என்றார் பெரியவர், துடைத்துக்கொண்டே.

சொன்னேன். லிஃப்ட் மெக்கானிக், நாலாவது மாடி, டிப்போவின் நாலு பேர், எல்லாவற்றையும். பெரியவரின் கை நின்றது.

"உண்மையான குறைய நான் சொல்லிடறேன். குளியலறைத் தண்ணி மெதுவாத்தான் வடியும். சாமான் அறைக் கூரையில ஓடு மாத்தணும். தாழ்வாரக் கைப்பிடி ஆடும். வேற ஒன்னும் இல்ல. எஞ்சினியர் வந்து பாக்கட்டும், அது வரைக்கும் நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கமாட்டேன்." தரகரைப் பார்த்தார். "பில்டருக்கு இல்லன்னு சொல்லிடுப்பா." பிறகு என்னிடம், "அவங்கள வரச் சொல்லுங்க தம்பி."

போனைக் கையில் எடுத்தேன். இதுவரை நான் 'சரி' என்று சொன்ன எதுவும் சரியாக இருந்ததில்லை.

"சொல்லுங்க மாப்ள. இந்த ஒரு தடவ நீங்க சரி" என்றார் மாமியார்.

சொன்னேன்.

*

சாயங்காலம் வேன் வந்தது. டிப்போ ஆட்கள் நாலு பேர் சக்கர நாற்காலியை இறக்கினார்கள். அதில் உட்கார்ந்திருந்த மனிதர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். வரவேற்கும் தோரணையில் நான் தாழ்வாரக் கைப்பிடியில் சாய்ந்தேன். அது உண்மையிலேயே ஆடியது. என்னைப் பிடித்து நிறுத்திய டிரைவர் அம்மா, நன்றி என்று முதுகில் தட்டிக்கொடுத்து, தன் உள்ளங்கை பழுப்பானதைப் பார்த்து விழித்தார்.

பின்னறைக்கு வந்தார்கள். கறை பாதி போயிருந்தது. பெரியவர் குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றார். என்ன செய்தார் என்று அவரே சொன்னார். கணவன், மனைவி இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

"மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று பெரியவர் நாற்காலிக்காரரிடம் குனிந்தார். "படுத்தபடியே பாக்க வசதியா, இந்தச் சுவத்துல ஒரு பெரிய ஜன்னல் வரைஞ்சு தரட்டுமா? ஆறு, மலை, எது வேணும்னாலும் வரையறேன். நிழல இந்தத் தடவ சரியாப் போடறேன்."

நாற்காலிக்காரர் சுவரைப் பார்த்தார். பிறகு கொல்லைக் கதவைப் பார்த்தார்.

"ஒரு வருஷமா ஜன்னலத்தான் பாத்துக்கிட்டு இருக்கேங்க. அந்தக் கதவத் தொறந்து விடுங்க, போதும்."

பெரியவர் போய்த் தாழ்ப்பாளை நீக்கினார். நாற்காலி நகர்ந்து, நிலைப்படியில் சக்கரம் இடித்து நின்றது. டிப்போ ஆட்கள் நாலு பேரும் பாய்ந்தார்கள்.

"விடுங்க" என்றார் டிரைவர் அம்மா.

கணவர் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தார். மறுபடி தள்ளினார். நாற்காலி ஒரு குலுக்குக் குலுங்கி ஏறி இறங்கியது. செடிகளுக்கு நடுவில், மண் பாதையில், யார் தயவும் இல்லாமல் அவர் போய்க்கொண்டே இருந்தார். டிரைவர் அம்மா முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பெரியவர், "பாத்துங்க, அங்க ஒரு வேர் இருக்கு. நான் விழுந்த இடம் அது" என்று பின்னாலேயே போனார்.

"மாப்ள" என்றார் மாமியார் என் காதருகே. "கண்ண அந்தச் சட்டைக் கையால துடைக்காதீங்க. சாயம் ஒட்டிக்கும்."